மாதிரி எண் ஏழு

ஜனவரி ஒன்பது, காலை ஆறே முக்கால், குந்தா பக்கம்.
ஜீப்பின் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியை
ஷாஜகான் தன் ரேஷன் கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நான் ஓடையில் இறங்கினேன்.
புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசி,
வாயை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி,
அடிமண் தொடாமல் முக்கியெடுத்து மூடியபோது
விரல்கள் என்னுடையவையாக இல்லை.

கலங்கல்: ஒன்று புள்ளி நான்கு.
எண்ணெய்ப் பசை: இல்லை.
நிறம், மணம்: இல்லை.
ஓடையின் பெயர் என்ற கட்டத்தில்
வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்து
'பெயரற்ற ஓடை - 2' என்று நிரப்பினேன்.

ஓடுதளத்தைக் கிழக்கே நானூற்றுப் பத்து மீட்டர் நீட்ட வேண்டும்.
கிழக்கே இருப்பது சதுப்பு.
வரைபடத்தில் அது தரிசு.
தரிசை மூடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.
ஓடைக்குத்தான் இசைவாணை வேண்டும்,
இசைவாணைக்கு என் புட்டி வேண்டும்.

தொட்டகெரஹட்டி சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்பு.
ஆலோசனை நிறுவனத்துப் பையன் திரையில் காட்டினான்:
வண்டல் பிடிக்கும் குட்டை மூன்று,
எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று,
நீல அம்புக்குறிகள், எல்லாம் சொன்ன இடத்தில் திரும்புபவை.

கேரட் கழுவும் பட்டறை போஜராஜன் எழுந்தார்.
அவர் பட்டறைக்கும் இதே ஓடைதான்.
"ஓடுதளம் வரட்டும்.
கோயமுத்தூருக்குப் போற ஆம்புலன்ஸ்
இருபத்தி மூணாவது கொண்டை ஊசியில நின்னுச்சு.
உள்ள என் சம்சாரம்."
உட்கார்ந்துவிட்டார்.
கூடத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது,
அந்தக் குளிரில் அதை யார் போட்டார்களோ.

பிறகு நஞ்சி.
பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் வால்வு திறப்பவர்.
கையில் நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்தது.
முந்திய ஆண்டு ஜூனில் சேறு வந்து
வால்வு திறக்காத நாட்கள்: இரண்டு.
மேலே மண் வெட்டத் தொடங்கிய பின், சென்ற ஜூனில்: பத்தொன்பது.
வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.
"இந்தத் தண்ணிய எந்த மாசம் எடுத்தீங்க?"

"ஜனவரி" என்றேன்.
மைக் நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது.

"ஜனவரியில அது தூங்குது.
தூங்குறவங்ககிட்டப் போய்
கோவம் வருமான்னு சோதிச்சீங்களா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
அதிகாரி சொன்னார்: "பதிவு செய்யப்பட்டது."

வெளியே வந்து அவரிடம் ஓடையின் பெயரைக் கேட்டேன்.
"ஹள்ளா."
அப்படியென்றால்?
"ஓடைன்னு அர்த்தம். வேற ஓடை எங்களுக்கு ஏது?"

ஜூலையில் விடுப்புப் போட்டு, பஸ் ஏறி,
நானே ஒரு புட்டி பிடித்து வந்தேன்.
பால் கூடிப்போன டீயின் நிறம்.
கோரிக்கை எண் இல்லாத மாதிரியை
ஆய்வகம் வாங்காது. வாங்கவில்லை.

இப்போது வழக்கு தீர்ப்பாயத்தில்.
என் பிரமாணப் பத்திரம் தட்டச்சாகி வந்திருக்கிறது:
'மாதிரி எண் ஏழு முறைப்படி எடுக்கப்பட்டது.'
உண்மைதான். மூன்று முறை அலசினேன்.
ஒரு சொல்கூடப் பொய்யில்லாத தாளில்
கையெழுத்துப் போட எனக்கு எட்டு நாளாகிறது.

ஜூலைப் புட்டி ஜன்னலோரம் இருக்கிறது.
வண்டல் இறங்கி, மேலே நீர் தெளிந்துவிடுகிறது.
"பார்த்தியா, தானே சரியாயிடுது" என்கிறார்
கோப்போடு வந்த கண்காணிப்பாளர்.
மேல் நீரை மட்டும் உறிஞ்சி அளந்தால்
இதுவும் ஒன்று புள்ளி நான்கு காட்டும்.

சாப்பாட்டு வேளையில், அறை காலியானதும்,
அதை எடுத்து ஒரு முறை
நன்றாகக் குலுக்கி வைக்கிறேன்.