கண்ணாடிப் பொத்தான்

முப்பது நாள் இலவசம் என்றது மென்பொருள்.
பன்னிரண்டு போனது
ஒரு நேர்கோட்டை வளைக்கக் கற்பதில்.

பாகாவில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி.
கீழே யாராவது மணியோசையைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள்.
மேலே நான்
கோடு போடத் தெரியாமல்
கோட்டுத் தைக்க ஒப்புக்கொண்டவள்.

பதினெட்டு வருடமாக ரவிக்கை.
துணியை இரண்டாய் மடித்து
ஒரு பக்கம் வரைந்து கத்தரியை விட்டால்
மறுபக்கம் தானே வந்துவிடும்.
திரையிலும் அப்படித்தான்:
நடுவில் ஒரு கோடு, பாதி உடம்பு,
பிறகு கண்ணாடிப் பொத்தான்.
அழுத்தினால் மீதி ஆள் முளைக்கிறான்.

குணசீலன் வந்தான்.
பகலில் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றுகிறவன்,
சனிக்கிழமை இரவுகளில்
கல்யாண விருந்துகளின் அறிவிப்பாளன்.
‘வாடகைக் கோட்டெல்லாம் ஒரு பக்கமா வழுக்குதுக்கா.
மைக்கைத் தூக்குனா கோட்டும் கூடவே வருது.’
நான் மார்பளவு எழுதும்போது
‘இதோ, மணமக்கள் வருகை!’ என்றான்
என் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து.

முதல் அச்சு நாற்பத்திரண்டு தாள்.
ஆ கியோங் கடையில் தாளுக்கு இருபது காசு.
தரையெல்லாம் பரப்பி ஒட்டினேன்;
மகன் அன்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான்.
மூலையில் ஒரு சதுரம்,
ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று
முதலில் அளக்கச் சொல்லியிருந்தது.
கடைசியில் அளந்தேன்.
நாலே முக்கால்.
தாளுக்குள் அடங்கட்டும் என்று
அச்சு இயந்திரம் ஆளைச் சுருக்கியிருந்தது.
‘பரவாயில்லை லா, கொஞ்சம் மெலியச் சொல்லு’
என்றார் ஆ கியோங்.
மறுபடியும் எட்டு வெள்ளி நாற்பது காசு.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது.
கையின் மேல்வளைவு
கைக்குழியைவிட மூன்று சென்டிமீட்டர் நீளம்.
கணினிக்குக் கணக்குத் தெரியவில்லை என்று
அந்த மூன்றையும் அழித்தேன்.
மாதிரித் துணியை மாட்டிப் பார்த்தால்
தோள்முனையில் வரிவரியாய் இழுத்தது;
மைக் நெஞ்சோடு நின்றுவிட்டது.
‘இன்னிக்கு மௌன அஞ்சலிதான்’ என்றான்.
மிச்சம் என்று நான் எறிந்தது மிச்சமில்லை.
நூலோட்டி, ஆவி காட்டி
சுருக்கம் தெரியாமல் உள்ளே கரைக்க வேண்டிய நீளம்.
தோளின் உருட்சி அதற்குள்தான் இருந்தது.

அதையும் திருத்தினேன்.
காலர் அப்போதும் வலப்பக்கம் சரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு ஸ்கேலை
அவன் பிடரியில் குறுக்கே வைத்துப் பார்த்தேன்.
வலது தோள் இரண்டரை சென்டிமீட்டர் கீழே.
‘கொக்கி பிடிக்கிற பக்கம்க்கா’ என்றான்,
பேருந்து எண் சொல்வதுபோல.
பஞ்சு வைத்து நிமிர்த்திவிடலாம்.
இரண்டரைக்கும் வைத்தால்
காதுப்பக்கம் தலையணை முளைத்த மாதிரி இருக்கும்.
ஒன்றுக்குப் பஞ்சு.
ஒன்றரைக்குக் கோடு.

கண்ணாடிப் பொத்தானை அணைத்தேன்.
இரு பக்கமும் பொருந்தவில்லை, தொடரவா என்று கேட்டது.
மூன்று முறை கேட்டது.
தொடர், தொடர்,
தொடர்.

இனி துணியை மடிக்க முடியாது.
விரித்துப் போட்டு
இடது முன்பக்கம் தனியே,
வலது தனியே.
அரை மீட்டர் கூடுதலாய்த் தின்றது;
அதை அவன் கணக்கில் எழுதவா, என் கணக்கில் எழுதவா என்று
கத்தரி வாய் திறந்தபடி கொஞ்சநேரம் நின்றது.
என் கணக்கில்.

முப்பத்தோராம் நாள் திரை பூட்டிக்கொண்டது.
திறக்க நானூறு வெள்ளி கேட்கிறது.
ஒரே மனிதன்
இரண்டு கோப்புகளாய் உள்ளே இருக்கிறான்.

ஞாயிறு காலை வெளியிலிருந்தவன் வந்தான்,
கையில் கோட்டும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்.
போட்டுக் காட்டச் சொன்னேன்.
பென்சிலை மைக்காய்ப் பிடித்துத் தூக்கினான்,
‘ஒன்று, இரண்டு, சோதனை, சோதனை.’
காலர் அசையவில்லை.
கீழ்க்கடையின் மணியோசை ஒருகணம் நின்ற மாதிரி இருந்தது.

வயிற்றுப் பொத்தானைக் காணோம்.

‘தூக்கும்போது இல்லக்கா.
சாப்பிடும்போது.’