நூற்று ஆறரை

படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
பனிக்காலம் தொடங்கும்போது ஆடுகள் எத்தனை?
லுவ்சான்தோர்ஜ் குல்லாயைக் கழற்றி
உள்ளே பார்க்கிறார்,
எண் அதற்குள் விழுந்து கிடக்குமோ என்பதுபோல்.

"யார் எண்ணினார்கள்?
கண் நிறைந்திருந்தது. அவ்வளவுதான் தெரியும்."

கண் நிறைவை
ஆர்ஹாங்காய் மாகாண அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது.
நான் அதன் எழுத்தன்.
ஜீப்பில் ஹீட்டர் வேலை செய்யவில்லை,
இருட்டுவதற்குள் இன்னும் பதினோரு கூடாரம்.
"தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றேன்.
"தெரியாததை அதனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்."

சொன்னார்.
முதல் புயலில் மூன்றில் ஒரு பங்கு,
நின்ற நிலையிலேயே.
பனி கல்லாய் இறுகி, புல்லுக்கு வாய் எட்டாமல்
பின்னால் போனவை பதினான்கு.
மச்சான் ஓட்டிவந்து விட்டது ஐந்து.
இன்று காலை மனைவி ஹந்த்மா எண்ணியது
அறுபத்திரண்டு.

மாவுப் பையைக் கிழித்து அதன் மேல் எழுதினேன்.
எக்ஸ். அதில் மூன்றிலொன்று கழித்து,
பதினான்கு கழித்து, ஐந்து கூட்டி,
சமம் அறுபத்திரண்டு.
எக்ஸின் உருவம் எங்கள் எழுத்தில் 'ஹ'.
பெருமூச்சின் ஒலி.
"ஹோன் என்றா எழுதியிருக்கிறாய்?" என்றார்,
ஆட்டுக்கு எங்கள் சொல் அது.
ஆமாம் என்றுவிட்டேன்.
"ஐந்து மாதம். இவ்வளவு சின்ன வரியா?"

கடைசியில் வந்தது முதலில் கிளம்பவேண்டும்.
மச்சானின் ஐந்தைச் சமக்குறி தாண்டி அனுப்பினேன்,
அந்தப் பக்கம் கழிந்தன: ஐம்பத்தேழு.
பிறகு அந்தப் பதினான்கு.
இங்கே கழித்தலாய்ச் செத்துக் கிடந்தவை
அங்கே கூட்டலாய் எழுந்து நின்றன: எழுபத்தொன்று.
ஹந்த்மா அடுப்பை விட்டு வந்தாள்.
"கோட்டைத் தாண்டினால் போதுமா?"
தாளில் போதும் என்றேன்.

எழுபத்தொன்று, மூன்றில் இரண்டு பங்கு.
பாதியாக்கினால் ஒரு பங்கு, முப்பத்தைந்தரை.
அதை மும்மடங்காக்க
நூற்று ஆறரை.

அரை ஆடு!
மறுபடி போட்டேன். அது அசையவில்லை.
லுவ்சான்தோர்ஜ் தலைகுனிந்தார்,
பொய் சொல்லிவிட்டவர்போல்.
ஆனால் இருபத்திரண்டு வருடமாக
என்னிடம் பொய் சொன்னவர்கள் எல்லாரும்
முழு எண்ணில்தான் சொன்னார்கள்,
நூறு, இருநூறு, முந்நூறு.
அரை வந்தால் யாரோ உண்மை பேசி
எங்கோ கால் இடறியிருக்கிறார்கள்.

"அறுபத்திரண்டும் கிடையிலா இருந்தன?"
"கிடையில் அறுபத்தொன்று" என்றாள் ஹந்த்மா.
பிறகு அடுப்புக்குப் பின்னால் பார்த்தாள்.
பழைய கோட்டுக்குள்,
காது மட்டும் வெளியே தெரிய,
பிறந்து மூன்றே நாளான ஒன்று.

அது பனிக்காலத்தைப் பார்த்ததே இல்லை.
எக்ஸுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.
தாளில் அடித்துத் திருத்தினேன்:
அறுபத்தொன்று. ஐம்பத்தாறு. எழுபது.
முப்பத்தைந்து.
நூற்றைந்து.
ஹந்த்மா மட்டும் வாய்க்குள் ஒருமுறை
சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரிபார்க்கணும்" என்றேன், பழக்க தோஷம்.
எக்ஸ் இருந்த இடத்தில் நூற்றைந்தை வைத்தேன்.
வைத்ததும் கூடாரத்தில் இடமே இல்லை,
கொழுத்த வாலோடு, கம்பளி நெரிய, இலையுதிர்காலத்து மந்தை.
"இதில் மூன்றிலொன்று, முப்பத்தைந்து,
அதைக் கழித்தால்..."
லுவ்சான்தோர்ஜ் தாளின் மேல் கை வைத்தார்.
முழுக் கையையும்.
"ஒருதரம் போதும்."

சரிபார்க்காத விடைக்குப்
பாதி மதிப்பெண் என்று படித்தவன் நான்.
படிவத்தை மடித்து உள்பையில் வைத்தேன்.
உப்புப் போட்ட பால் தேநீரைக் குடித்து முடித்தேன்.

ஜீப்பின் கண்ணாடியில் ஆவி.
அதில் விரலால், யாரும் பார்க்காமல்,
மீதியைப் போட்டேன்.
எழுபது. ஐம்பத்தாறு. அறுபத்தொன்று.
சரிதான்.
துடைத்தால்தான் பாதை தெரியும்.
கொஞ்ச நேரம் துடைக்கவில்லை.