ஃபேனை அமத்தச் சொன்னவள்

கத்திரி வெயில்.
முருகன்குறிச்சி மாடியில் எங்கள் ஜிம்முக்குத்
தகரக் கூரை.
சாயங்காலம் ஐந்து மணிக்கும்
டம்பெல்லைத் தொட்டால் சுடும்.
முழுக்கை ஜெர்கினைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு
ஹெப்சிபா சொன்னாள்:
"அக்கா, அந்த ஃபேன அமத்துங்களேன், குளுருது."

அமத்தினேன்.
மற்றப் பெண்கள் வேர்த்து வழிந்தபடி
என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் தெரிந்தது என்று
சொல்லிக்கொள்ள ஆசை.
பொய்.
ட்ரெட்மில் கைப்பிடியில் அவள் விட்டுப்போகும் முடியைத்
துடைப்பவள் நான்தானே.
புறங்கையில் புதிதாய்ப் பூத்த பூனைமயிர்,
நீலம் ஓடிய நகம்,
கேட்கும் முன்பே
"சாப்டாச்சுக்கா" என்கிற அவசரம்.

வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே
அவள் படம் தொங்குகிறது.
இடப்பக்கம் போன ஆடி, வலப்பக்கம் இந்த மாசி.
நடுவில் ஓர் அம்புக்குறி.
ஃபிளெக்ஸ் கடையில் பக்கத்தில் நின்று
அதைச் சிவப்பாய்ப் போடச் சொன்னது நான்.
பதினேழு கிலோ.
"பாத்துக் கத்துக்கிடுங்கட்டி" என்று
எல்லார் முன்னாலும் அவளை நிறுத்திக்
கைதட்ட வைத்ததும் நான்.
துவைத்துத் துவைத்து நைந்த துணிபோல
ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

மதுரையில் ஆறு வாரம் படித்தேன்.
எந்தத் தசை எந்த எலும்பைப் பிடித்திருக்கிறது,
படம் போட்டுப் பாகம் குறித்தேன்.
ஒருத்தியைப் போதும் என்று நிறுத்தப்
பாடம் இல்லை.

முப்பிடாதி அண்ணாச்சி கணக்கு நோட்டைவிட்டு நிமிராமல் சொன்னார்:
"அந்தப் பிள்ளையப் பாத்துத்தான் ஒம்பது பேரு சேந்துருக்கு.
நீ என்ன டாக்டரா?
ஒன் சோலியப் பாரு பேச்சி."

டாக்டர் இல்லைதான்.
அதனால் நோய்க்குப் பெயர் வைக்கவில்லை.
எலும்பாட்டம் ஆயிட்டியே என்று சொல்லவில்லை,
அவள் காதில் அது பாராட்டாய் விழும்.
நல்லா சாப்பிடு என்றும் சொல்லவில்லை,
வீட்டில் ஆளாளுக்கு அதைச் சொல்லி முடித்திருப்பார்கள்.
எடைமெஷினைத் தூக்கிப்
பீரோவுக்குப் பின்னால் சாத்தினேன்.
எல்லாரும் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப்
பாயில் உட்கார்ந்தேன்,
எதிரே இல்லை, பக்கத்தில்.

"ஹெப்சி, எனக்குப் பயமா இருக்கு.
நேத்துப் படியில உனக்குக் கண்ணக் கட்டுச்சி, பாத்தேன்.
டாக்டர் பாத்து எழுதித் தாற வரைக்கும்
உன்ன நான் ஓட விடமாட்டேன்."

"பீஸ் கட்டிருக்கேன்."
"திருப்பித் தாறேன்."
"வேற ஜிம் இருக்கு."

இருக்கிறது.
சமாதானபுரத்தில் இரண்டு.
பெருமாள்புரத்தில் ஒன்று, ஏசி போட்டது.

அதற்குமேல் என்னிடம் வார்த்தை இல்லை.
கீழே டவுன் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.
அவள் ஷூ லேஸை அவிழ்த்தாள், கட்டினாள்,
மறுபடி அவிழ்த்தாள்.
"அப்ப அந்தப் படத்த எடுத்துருவீங்களாக்கா?"

எடுத்துவிடு என்று கேட்கிற குரல் இல்லை அது.
அது போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று
தடவிப் பார்க்கிற குரல்.

இருந்தும் எடுத்தேன்.
ராத்திரி பத்து மணிக்கு,
டீக்கடைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள,
நாலு மூலைக் கயிற்றையும் அறுத்தேன்.
நடுவில் மடித்தபோது
இரண்டு ஹெப்சிபாவும்
முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டார்கள்.
காலையில் அண்ணாச்சி கேட்பார்.
கேட்கட்டும்.

ஹெப்சி ஏன் வரல என்று
ஜிம்மில் கேட்டவர்களுக்கு
லீவு என்றேன்.

இன்றைக்குச் செவ்வாய்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறேன்.
வாறேன் என்று அவள் சொல்லவில்லை.
வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
எட்டு மணிக்கே வெயில் உள்ளே வந்துவிட்டது.
காத்திருக்கும் பெஞ்சுக்கு மேலே
கடகடவென்று ஃபேன் ஓடுகிறது.

சுவிட்ச் எங்கே என்று
பார்த்து வைத்திருக்கிறேன்.