சாலைக்குத் தண்ணீர் விடுகிறவன்

முப்பதாயிரம் லிட்டர்.
ஒரு தோட்டத்துக்கு விட்டிருந்தால்
இந்நேரம் பூசணி காய்த்திருக்கும்.
நான் சாலைக்கு விடுகிறேன்,
கலாமாவுக்கு மேலே, தாமிரச் சுரங்கத்தின்
வளைந்து வளைந்து இறங்கும் மண்சாலைக்கு.
மழை என்ற சொல்லைப் பிள்ளைகள்
பாடப்புத்தகத்தில்தான் பார்க்கிற சீமை இது.
கால்மணியில் காய்ந்துவிடும்.
திரும்பி வந்து மறுபடி விடுவேன்,
ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு தடவை.

என் ஜெபமும் இப்போது இப்படித்தான்.

குடியை விட்டு ஆறு வருஷம் நாலு மாசம்.
முதல் வருஷம் சபையில் மாண்டலின் எடுத்தால்
விரல்நுனியில் அக்கினி இருந்தது.
ஒடில்யா அழுவாள், நானும் அழுவேன்,
கூரைத் தகரம்கூட அல்லேலூயா சொல்லும்.
எப்போது நின்றது, தெரியாது.
ஒருநாள் குழாயைத் திறந்தேன்,
காற்று வந்தது.

இப்போதும் வாசிக்கிறேன். சுருதி தப்புவதில்லை.
பக்கத்துச் சகோதரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு
"ஆவியானவர் இறங்கினாரே, கவனித்தாயா?" என்கிறார்.
ஆமாம் என்பேன்.
அவருக்கு இறங்கியிருக்கலாம்.

போதகரிடம் சொன்னேன்.
பாவம் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாயா என்றார்.
தேடினேன். இருந்தது, சில்லறையாக.
அறிக்கையிட்டேன்.
அப்புறமும் காற்றுதான்.

புதன் ராத்திரி, முகாமில், அறை இருநூற்றுப் பதினாலு.
மகளுக்குப் பிரசவமென்று ரிக்கோபெர்த்தோ
அவசரமாக ஊருக்கு இறங்கியிருந்தான்.
தொலைந்த என் காலுறைக்காக
அவன் கட்டிலடியில் கைவிட்டேன்.
பிஸ்கோ. பாதி பாட்டில்.
மூடி தளர்ந்து, திராட்சை வாசனை.

பிசாசு கர்ஜித்துக்கொண்டு வருவான் என்றிருந்தேன்.
கணக்குப்பிள்ளை போல
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினான்:
பேசாத ஒருவருக்காக ஆறு வருஷம்
வாயைக் கட்டியிருக்கிறாய்.
ஒரு மடக்கு குடி.
அவர் கோபப்பட்டாலாவது
இருக்கிறார் என்று தெரியுமே.

அந்தக் கடைசி வரிதான் என்னை ஆட்டியது.
மற்றதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.

வசனம் ஒன்றும் நாக்கில் வரவில்லை.
"போ" என்றேன், எனக்கே சிரிப்பு வந்தது.
காவலரிடம் கொடுத்தால் அவன் வேலை போகும்.
கொட்டலாம்;
கொட்டுவதற்கு மூடியைத் திறக்கவேண்டும்.
எழுந்து ஓடினேன், செருப்புக்காலோடு.
ஜாக்கெட் உள்ளே ஆணியில்.
எடுக்கத் திரும்பினால்
தங்கிவிடுவேன் என்று தெரிந்தது.

லாரி கேபினில், மைனஸ் ஆறு டிகிரியில்,
தார்ப்பாய் போர்த்தி,
முழங்கால் முகவாயில் இடிக்கக் கிடந்தேன்.
இந்த உயரத்தில் நட்சத்திரங்கள் அதிகப்படி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தூதர்கள் யாரும் பணிவிடைக்கு வரவில்லை.
நாலு மணி இருக்கும்.
நீர் இருக்கிறீரா என்று கேட்டு அலுத்துப்போய்,
பல் கிட்ட,
"நான் இங்கேதான் இருக்கிறேன் ஆண்டவரே,
லாரியில்" என்றேன்.

ஐந்தரைக்கு எஞ்சினைக் கிளப்பினேன்.
வாக்கி-டாக்கியில் ப்ரிஸிலா, புதுசாகச் சேர்ந்தவள்,
முந்நூறு டன் பாரத்தோடு வந்துகொண்டிருக்கிறாள்:
"இரண்டாம் வளைவில் கண்ணே தெரியவில்லை, மமானி,
தண்ணீர் விடு."

விட்டேன்.
ஒன்றும் முளைக்கவில்லை.
நான் வந்த நாள்முதல் இங்கே
ஒரு புல் முளைத்ததில்லை.
தூசி அடங்கியது.
பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்:
வீடு உயரத்துக்கு ஒரு வண்டி, மஞ்சளாய் இரண்டு விளக்கு,
பள்ளத்தின் விளிம்பைப் பார்த்து
நிதானமாகத் திரும்புகிறது.

சனிவரை கேபினிலேயே படுத்தேன்.

ஞாயிறு, சபையில் சாட்சி நேரம்.
எழுந்தேன்.
"புதன்கிழமை குடிக்கவில்லை" என்றேன்.
அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல்
உட்கார்ந்துவிட்டேன்.
பின்வரிசையில் யாரோ
தாமதமாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.
ஒடில்யா என் தோளைத் தொட்டுப் பார்த்து,
காதோரம் குனிந்து கேட்டாள்:
ஜாக்கெட் எங்கே?