பின்புறமாய் ஏறுதல்

கூட்டாளி த்ராசிவுலோஸ் கணக்குத் தீர்த்தபோது
தேன் பிழியும் எந்திரத்தை அவன் எடுத்துக்கொண்டான்.
எனக்கு வந்தது வேனும்
முப்பத்திரண்டு தேனீப் பெட்டிகளும்.
பதினோரு வருடம் அந்த வேனைப்
படகுக்குள் ஏற்றியது அவன்.
நான் டிக்கெட் வாங்கினேன்.

எங்கள் தீவுக்குப் போகிற படகில்
முகத்தைக் காட்டி நுழைய விடமாட்டார்கள்.
பின்புறமாய்த்தான் ஏற வேண்டும்.

கால்பந்து மைதானத்துக்குப் பின்னால்
காலி எண்ணெய் டின்களை வரிசையாய் நிறுத்தி
இதுதான் கப்பல் சுவர் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
கழுத்தைத் திருப்பினேன். கண்ணாடியைப் பார்த்தேன்.
மறுபடி கழுத்தை.
முதல் மாலை நான்கு டின்.
இரண்டாம் மாலை ஏழு.
வால் போகவேண்டிய பக்கம் வளைத்தால் போதும் என்று
புரிந்த நாளில்
மூக்கு தன் புத்தியோடு எதிர்ப்பக்கம் வீசி
ஒன்றை நசுக்கியது.
வேலியோரம் சிகரெட் பிடித்த பையன்கள்
கோல் என்று கத்தினார்கள்.

பைன் மரம் காத்திருக்காது.
செப்டம்பர் பதினாறு, காலை ஆறு நாற்பது.
இரும்புச் சரிவு நனைந்து கிடந்தது.
ஆரஞ்சுச் சட்டையில் ஸ்ட்ராட்டிஸ்
என் கண்ணாடிக்குள் இரண்டு கையையும் ஆட்டினான்.
ஏலா, ஏலா.
வா என்றுதான் அர்த்தம்,
அவன் வாயில் அது வசவு மாதிரி இருக்கும்.

இடது! இடது என்றேன்!
நான் வலது வளைத்தேன்.
தலையை வெளியே நீட்டி
யாருடைய இடது என்று கத்தினேன்.
பின்னால், இல்லை, எனக்கு முன்னால்
மீன் லாரி ஹாரனை விடாமல் அழுத்தியது.

ஸ்ட்ராட்டிஸ் கையைக் கீழே போட்டான்.
நீயும் கரையைப் பார்க்கிறாய்
நானும் கரையைப் பார்த்துத்தான் நிற்கிறேன்
என் இடதுதான் உன் இடது, கரிஃபலியா.

இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.
பின்னால் நிற்பவன்
எனக்கு எதிராக நிற்பதாய் நினைத்திருந்தேன்.
த்ராசிவுலோஸும் அப்படித்தானோ...
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்
க்ளட்ச் தீயும் வாடை வருகிறது.

இடது. இன்னும். நேராக்கு.
சக்கரம் சரிவின் விளிம்பில் துள்ள
முப்பத்திரண்டு பெட்டியும் ஒரே குரலில் உறுமி
மெல்ல அடங்கின.
கண்ணாடியை மடக்கச் சொன்னான். மடக்கினேன்.
பச்சைத் தூணுக்கும் கதவுக்கும் நடுவே
ஒரு விரற்கடை.
பம்பரில் ஒரு முழம் பச்சைப் பெயின்ட், அது எனக்கு.

கியரில் விட்டு எஞ்சினை அணைத்தேன்.
பாராட்ட ஆளில்லை.
ஸ்ட்ராட்டிஸ் அதற்குள் மீன் லாரியை
ஏலா ஏலா என்று திட்டிக்கொண்டிருந்தான்.

எந்த ஓட்டையிலிருந்தோ தப்பிய ஒரு தேனீ
முன்கண்ணாடியில் ஏறியது,
வழுக்கியது, ஏறியது.
ஜன்னலை இறக்கினேன்.
படகு நகர்ந்துவிட்டது.
அது போகவில்லை.