எட்டாயிரம் என்று வைத்துக்கொள்

தட்டோன் ஆஸ்பத்திரியில் மறுபடி கரண்ட் இல்லை.
அடிக்கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்புகிறேன்.
சில்லின் மேல், ஊதாச் சாயத்தில்
வடிவாம்பாள், ஏழு மாதம்.
பதிவேட்டில் மா தின் நுவே.

கிருமி சும்மா கிடைக்கிறது,
மலிவரிசியில் கல் போல.
கிடைக்காதது வெள்ளணு.
இருநூறு வெள்ளணு சேரும்வரை
கிருமியை எண்ணு என்பது விதி.
வட்டம் மாற்றி வட்டம் மாற்றி
நாற்பத்தொன்றிலேயே நிற்கிறது என் இடது கட்டைவிரல்.

பாடப்புத்தகம் இவற்றைப் படைவீரர் என்கிறது.
இந்த ஊரில் அந்தச் சொல்லைச்
சத்தமாய்ச் சொல்வதில்லை.

ஒருவழியாய் இருநூறு.
இனி நாற்பதால் பெருக்க வேண்டும்,
யார் ரத்தமானாலும்
எட்டாயிரம் என்று வைத்துக்கொண்டு.
இவளுக்கு இரண்டாயிரத்து அறுநூறுதான்;
காலையில் கட்டத்தில் நானே எண்ணியது.
நாற்பதால் பெருக்கினால் டாக்டர் மிரள்வார்,
இருட்டில் மோல்மேனுக்கு வண்டி,
வழியில் மூன்று சோதனைச் சாவடி.

பதின்மூன்றால் பெருக்கினேன்.
ஓரத்தில் காரணமும் எழுதினேன்.

ஜன்னலுக்கு வெளியே அவள்:
"அண்ணே, அதுல புள்ள ரத்தமும் சேத்தியா?"
இல்லை என்றேன்.
எனக்குத் தெரிந்தவரை.

மூன்று நாள் மாத்திரை, பாலோடு.
வெள்ளணு ஏன் குறைந்தது
என்ற கேள்வி மட்டும் சீட்டில் இல்லை.
திங்கட்கிழமை
வேறு விரலைக் கொண்டு வா, தாயே.