ஓகாரம் உதிர்ந்த இடம்

ஐந்தாம் நாள் காலை
டோக்கன் சன்னலுக்கு வெளியே ஜெசிந்தா.
கையில் மகனின் கணக்கு நோட்டு.

மிக்கேல்ராசு மன்னார் ஆஸ்பத்திரியில்
உயிரோடு இருக்கிறான்,
நாலு பேர் சொல்லியாகிவிட்டது என்று
கொழுந்தன் நேற்றே பாம்பன் முழுக்க
மிட்டாய் கொடுத்துவிட்டான்.
மாதா கோயிலில் மணியும் அடித்தார்கள்.
தேடப் போன இரண்டு போட்டும்
கரை திரும்பிவிட்டன.

இவள் மட்டும் அந்த நாலு பேரையும்
தனித்தனியே போய்ப் பார்த்திருக்கிறாள்.

நண்டு விற்கும் பாத்துமுத்து
மண்டபம் பஸ்ஸில் சொன்னாள். அவளுக்குச் சொன்னது
ஐஸ் கம்பெனி தர்வேசு.
வலைக்கடை இருளாண்டிக்கும் தர்வேசுதான்.
டீசல் பங்க் பையனுக்கு
யார் சொன்னது என்பது மறந்துவிட்டது,
ஆனால் சத்தியம் செய்யத் தயார்.
நாலாவது ஆள் தர்வேசே.

பெயருக்குப் பெயர் பென்சில் கோடு இழுத்திருந்தாள்.
"பாத்தீங்களான்னு கேட்டேன். இல்லையாம்.
உங்க வாயாலதான் கேட்டாராம்."

செவ்வாய்க்கிழமை. டீக்கடை.
கச்சான் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
நான் சொன்னது இவ்வளவுதான்:
மன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருப்பானோ?

அந்த ஓ
ஐஸ் கம்பெனி வாசலில் உருகியிருக்கும்.
ஒதுங்கியிருப்பான்.
பஸ் ஏறும்போது
ஒதுங்கியிருக்கானாம்.
அக்காமடம் வருவதற்குள் அந்த ஆமும் கழன்று
ஒரு கட்டில் வந்தது,
டிரிப்ஸ் பாட்டில் வந்தது,
இடது காலில் மாவுக்கட்டு வந்தது.

இதை யாரிடம் சொல்ல:
நேற்று ராத்திரி அதே செய்தி
என் வீட்டுக் கதவைத் தட்டியது.
மாவுக்கட்டோடு வந்ததால்
எனக்கே அடையாளம் தெரியவில்லை.
பார், நான் அன்றைக்கே நினைத்தேன் என்று
மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பொய்யின்னு நான் சொல்லல" என்றாள் ஜெசிந்தா.
"யாருக்கும் தெரியாதுங்கிறேன்.
தெரியாதுன்னாத்தான் போட்டு கிளம்பும்."

நோட்டைச் சன்னலுக்குள் தள்ளினாள்.
'நான் பார்க்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டேன்'
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
தேதி போடச் சொன்னாள்.
ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் அதையும்.

இரண்டு டோக்கன் கிழித்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு டீசலுக்குக் கடன் கேட்க
பங்க் பக்கம் நடந்தாள்.

கச்சான் இன்னும் விழவில்லை.
இது நானே பார்த்தது.